பூஞ்சைக்கு வந்த வாழ்வு

தூசி, கீறல், நீர்க்கறை, பூஞ்சை, எரிந்த ஓரம். இந்த ஐந்தும் தனித்தனி ஃபோல்டராக இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. விலை டாலரில். கார்டைத் தட்டினால் உலகத்தரமான அழுக்கு சில நிமிடங்களில் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும். பாட்டு ஆல்பங்களுக்கு அட்டை செய்கிறவர்கள் இதற்கு டெக்ஸ்ச்சர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எடுத்த போட்டோவின் மேல் ஒரு கறையைப் போர்த்தி, அதன் மேல் கீறலைப் போட்டு, நிறத்தைப் புரட்டி, கடைசியில் எது போட்டோ எது கறை என்று எடுத்தவனுக்கே தெரியாமல் போகிறபோது அட்டை தயார்.

புதுச்சேரிப் பக்கத்துக் கிராமமான பண்டசோழநல்லூரில் உட்கார்ந்துகொண்டு நானும் இந்தத் தொழில்தான் செய்கிறேன். ஆனால் அழுக்கை நான் காசு கொடுத்து வாங்குவதில்லை. பீரோ மேல் பிஸ்கட் டின்களில் சொந்த அழுக்கு நிறையக் கிடக்கிறது. ஒரு காலத்தில் எனக்குத் திட்டு வாங்கிக் கொடுத்த அழுக்கு அது.

எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறுவது ஒரு வேடிக்கை. கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, திரும்பவும் புதுச்சேரி என்று மண் மாறிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லையை இன்றைக்கும் சாராயக் கடையை வைத்துத்தான் அடையாளம் சொல்வோம்.

கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவ டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பிலிம் டப்பாவுக்குள் ஒரு சீட்டில் அச்சடித்திருக்கும். சித்திரை மாசத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீட்டு ஒரு வெளிநாட்டு நகைச்சுவையாகத்தான் தோன்றும். ஐஸ் கடையில் கட்டி வாங்கி வந்து டிரேயைச் சுற்றிப் போடுவோம். டெவலப்பர் சூடாகவும் அடுத்த தண்ணீர் ஐஸாகவும் அமைந்துவிட்டால் போச்சு. பிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் சூட்டில் ஊதி, குளிரில் சட்டென்று சுருங்கும். படம் முழுக்கப் பொடிப்பொடியாக வெடிப்பு விழும். 'பிலிம் வெந்துபோச்சு' என்போம். அதற்கு ரெட்டிகுலேஷன் என்று ஒரு பேர் உண்டென்பதும், மேல்நாட்டில் சிலர் வேண்டுமென்றே செய்து கண்காட்சி வைக்கிறார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் முதலாளி அதைக் கண்காட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்.

தப்பிப் பிழைத்த நெகட்டிவைப் பூஞ்சை பார்த்துக்கொள்ளும். காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம், கடலோர ஊரில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான். ஜெலட்டினைத் தின்றுகொண்டே கிளைவிட்டுப் படரும். கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் அது படர்ந்திருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி வைத்து மறைக்க வேண்டும், அம்மனின் கன்னத்தில் படர்ந்திருந்தால் இன்னும் கவனமாக. ஏனென்றால் அம்மன்தான் எங்கள் முக்கிய வாடிக்கையாளர். அது கேசட் காலம். ஊருக்கு ஒரு மாரியம்மன் பாட்டு, திரௌபதியம்மன் பாட்டு, வில்லியனூர் லூர்து மாதா பாட்டு, தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. அத்தனைக்கும் கேசட் டப்பாவுக்குள் செருகுகிற இன்லே கார்டு வேண்டும். முன்பக்கம் ஆறரை சென்டிமீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் உயரம். அந்தப் பொட்டு இடத்துக்குள் அம்மன், கோபுரம், பாடினவர், இசையமைத்தவர், எழுதினவர், செலவு செய்த உபயதாரர் எல்லோரும் அடங்க வேண்டும். உபயதாரரின் தலை அம்மன் தலையைவிடச் சின்னதாகப் போய்விடக் கூடாது என்பது எழுதப்படாத விதி.

வேறு மாதிரி அட்டையை நான் பார்த்திருந்தேன் என்பதுதான் தொல்லை. எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக் கிராமங்களில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் உண்டு. பெரியப்பா முறையில் ஒருவர். ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு டவுனுக்குப் போவார், மற்ற நாட்களில் பனியனோடு திண்ணையில் பென்ஷன் பேச்சு. பிரான்ஸிலிருந்து அவர் கொண்டுவந்த ரெக்கார்டுகளில் பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'மெடில்' ஒன்று. அதை அவர் எதற்கு வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது. யாரோ ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். பாட்டை அவர் போட்டு நான் கேட்டதில்லை. அட்டை மட்டும் வீடு முழுக்கச் சுற்றும். பச்சையும் நீலமும் கலங்கி, நடுவில் வட்டவட்டமாக அலை, அடியில் ஏதோ ஒரு சதை. மனிதர் யாருமில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆட்டு ஈரல் என்றார் ஒருவர். பாகூர் ஏரியில் கல் விழுந்திருக்கிறது என்றார் இன்னொருவர். தூரத்து உறவில் ஒரு பாட்டி, 'கண்ணுல பொறை வந்தா இப்டித்தான் தெரியும்' என்றாள். பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அட்டையை விரித்துத் திருப்பிப் பிடிப்பார். காது. தண்ணீருக்கடியில் ஒரு காது.

1971-இல் வந்த ரெக்கார்டு அது. அட்டை செய்தது லண்டனில் ஹிப்னோசிஸ் என்ற குழு. ஸ்டார்ம் தார்கர்சனும் ஆப்ரி பவலும் 1968-இல் ஆரம்பித்தது. காதின் போட்டோவையும் நீரலையின் போட்டோவையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த வேலை. தார்கர்சன் முதலில் சொன்ன யோசனை ஒரு பபூன் குரங்கின் பின்புறத்தை நெருக்கத்தில் எடுத்துப் போடலாம் என்பது. பாட்டுக்காரர்கள் காதே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த யோசனை ஜெயித்திருந்தால் எங்கள் பாட்டி என்ன சொல்லியிருப்பாள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் வித்தை இருட்டறைக்காரனுக்குப் புதிதல்ல. என்லார்ஜரின் தட்டில் இரண்டு நெகட்டிவைச் சேர்த்து வைத்து ஒளியை விட்டால் இரண்டும் ஒரே பேப்பரில் விழும். மேகமில்லாத வானத்துக்கு மேகம் போடுவது அப்படித்தான், கல்யாண ஜோடியைத் தாஜ்மகாலுக்கு அனுப்புவதும் அப்படித்தான். தாஜ்மகாலுக்குப் போகிற வித்தை ஏன் ஏரிக்குப் போகக் கூடாது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கூத்து ஜமா கேசட் போட வந்தது. பாரதக் கூத்து, துரியோதனன் படுகளம். கோடையில் பங்காரு வாய்க்கால் வறண்டு, பாகூர் ஏரிப் பக்கம் தரை பாளம் பாளமாகப் பிளந்து கிடக்க, அதைப் போய் எடுத்து வந்தேன். வேஷக்காரரின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் விளக்கொளியில் அசைத்து அசைத்து எடுத்தேன். அதிலிருந்த கண்ணாடித் துண்டுகள் கோடு கோடாக இழுத்துக்கொண்டு விழுந்தன. இரண்டையும் சேர்த்துப் பிரின்ட் போட்டால், பிளந்த மண்ணுக்குள் நெருப்பு ஓடுவது போல வந்தது. கூத்து வாத்தியார் பிரின்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி எங்கப்பா?"

"படுகளம் வாத்தியாரே. மண்ணு, நெருப்பு. மூஞ்சி இல்லாமலே தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரியுது தம்பி. திருவிழாக் கடையில கேசட்டு வாங்குறவன்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. மூஞ்சியப் பார்த்துத்தான் இது எந்த ஜமான்னு எடுப்பான். மண்ணப் பார்த்தா வெதக்கடலைன்னு நெனச்சிடுவான்."

கலையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடக் கறாரானது வேறில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அட்டையில் முகம் என்பது அலங்காரமாக இருந்ததில்லை, அதுதான் எழுத்து. சிவகாசியில் ஒரே ஷீட்டில் பல ஊர் அம்மன்களோடு சேர்ந்து அச்சாகி வந்த அந்த இன்லே கார்டில் வாத்தியார் மூன்று வேஷத்தில் மூன்று வட்டத்துக்குள் இருந்தார். கேசட் நன்றாகப் போனது. மண்ணும் நெருப்பும் பிஸ்கட் டின்னுக்குப் போயின.

அதற்குள் வெளியே நடந்திருந்ததைச் சொன்னால் வயிற்றெரிச்சல்தான். 1980-இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் தன் மூன்றாவது ஆல்பத்துக்குப் போலராய்டில் படம் எடுக்கச் சொல்லி, மசி காய்வதற்குள் அமுக்கித் தன் முகத்தைத் தானே மெழுகாய் உருக்கினார். அட்டை செய்தது அதே ஹிப்னோசிஸ். காசு கொடுத்து முகத்தைக் கெடுத்துக்கொண்ட மனிதர். இங்கேயோ மூக்குக்குக் கீழே நிழல் விழுந்தால் பாக்கிப் பணம் வராது. லண்டனில் 4ஏடி கம்பெனிக்கு வான் ஆலிவரும் நைஜல் க்ரியர்சனும், என்ன பொருள் என்றே தெரியாத நெருக்கப் படங்களையும் நீரில் கரையும் மசியையும் மங்கலான லேஸ் துணியையும் வைத்து எண்பதுகளில் அட்டை போட்டார்கள். ம்யூனிக்கில் 1969-இல் மான்ஃப்ரெட் ஐக்கர் தொடங்கிய இசிஎம் கம்பெனியின் அட்டைகளில் கடலும் மேகமும் வெறும் சுவரும்தான் பெரும்பாலும் இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஓர் ஆல்பத்தில் எல். சங்கரின் வயலினுக்கு மிருதங்கம் வாசித்தவர் நம்முடைய உமையாள்புரம் சிவராமன். அதாவது நம் மிருதங்கம் முகமில்லாத அட்டைகளின் தலைநகருக்கே போய்ச் சேர்ந்திருந்தது. இங்கே அட்டை செய்கிறவர்களுக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை.

தமிழில் அருவம் இல்லாமலா போய்விட்டது என்று கேட்கலாம். இருந்தது, புத்தகக் கடையில். க்ரியா பதிப்பகம் 1974-இல் தொடங்கியது. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் சிறுபத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் முகத்தையே கலைத்து முகமாக்கிக்கொண்டிருந்தன. ஆயிரம் பிரதி போகிற புத்தகத்துக்கு அதைச் செய்யலாம், தடுக்க ஆள் இல்லை. ஆயிரக்கணக்கில் திருவிழாவில் விற்கிற கேசட்டில் செய்ய முடியாது. வாங்குகிறவர்கள் குறைந்தால்தான் இங்கே அட்டைக்குச் சுதந்திரம் கிடைக்கும் என்று அப்போதே எனக்குப் பட்டது. அந்தக் கணக்கு பின்னால் வேறு விதமாகப் பலித்தது.

நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. ஃபோட்டோஷாப் 1990-இல் பிறந்துவிட்டாலும் 1994-இன் மூன்றாம் பதிப்பில்தான் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற லேயர் வந்தது. எங்கள் பக்கம் அது வந்து சேர இன்னும் சில வருஷம், வந்ததும் பெரும்பாலும் காப்பி போட்ட சிடியில். மல்டிப்ளை என்று ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஸ்லைடை ஒட்டி வைத்து விளக்கில் பார்க்கிற அதே கணக்கு. அடுத்து ஸ்க்ரீன், இரண்டு நெகட்டிவைச் சேர்த்துப் பிரின்ட் போடுகிற கணக்கு. ஐஸ்கட்டி, சிவப்பு பல்பு, ஹைப்போ மருந்தின் நாற்றம் எல்லாம் போய் மெனுவில் ஒரு வரியாக நின்றது. அதை வைத்து நாங்கள் என்ன செய்தோம்? உபயதாரரின் கழுத்தில் இன்னும் ஒரு சங்கிலி போட்டோம்.

எம்பி3 சிடி காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே தட்டில் நூறு பாட்டு, அட்டையில் பத்து நடிகர்களின் தலை, எல்லாம் வேறு வேறு அட்டையிலிருந்து வெட்டியது. அந்தத் தலைகளை வெட்டினவர்களில் நானும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு தட்டும் போய்விட்டது, பாட்டு போனுக்குள் போய்விட்டது. இனி அட்டைக்கு என்ன வேலை என்று நான் பிளெக்ஸ் பேனர் பக்கம் ஒதுங்கினேன். மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. முகத்துக்குப் பஞ்சமில்லாத தொழில்.

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாகச் சினிமாவைச் சாராமல் பாடுகிற பிள்ளைகள் நிறையக் கிளம்பினார்கள். படம் இல்லை, ஹீரோ இல்லை, அதனால் அட்டையில் போட ஆளும் இல்லை. பாடுகிறவருக்கோ தன் முகத்தைப் போடக் கூச்சம், அது பேனர்த்தனமாம். ஒருவர் எப்படியோ என் பழைய பிரின்ட் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "அண்ணா, இந்த ஃபங்கஸ் எஃபெக்ட் எந்தப் பேக்ல இருக்கு?"

"அது எஃபெக்ட் இல்லப்பா. நெசமான பூஞ்சை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஒரிஜினலா?" என்றார், காஞ்சிபுரம் பட்டைப் பற்றி விசாரிக்கிற குரலில்.

அன்றிலிருந்து டின்கள் கீழே இறங்கின. வெந்துபோன பிலிம், பூஞ்சை தின்ற அம்மன், ஹைப்போ சரியாகப் போகாமல் மஞ்சளித்த கல்யாணங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, ஆள் தெரியாத அளவுக்கு ஒரு மூலையை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கினால், ஒரு கன்னத்துப் பூஞ்சை ஆகாயத்திலிருந்து பார்த்த ஆறு போலக் கிளைவிடுகிறது. மேலே வில்லியனூர்ப் பக்கத்துச் சுடுமண் சூளையின் புகைச்சுவர், கீழே நெல் அவித்த களத்தின் ஈரம், கரும்புத் தோகை எரித்த சாம்பல். போனில் இவற்றை நான் எடுக்கிறபோது யாராவது பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். 'செவுத்த எடுக்கறியே, வூடு கட்டப் போறியா?' என்று கேட்காமல் போனவர் குறைவு. கொம்யூன் அலுவலகத்துக்குப் புகார் எழுதத்தான் எடுக்கிறேன் என்று நம்பி, தன் வீட்டுச் சாக்கடையையும் சேர்த்து எடுக்கச் சொன்னவரும் உண்டு. எடுத்தேன். அது ஒரு மின்னணு இசை ஆல்பத்தின் பின்னணியாக இப்போது டொராண்டோவில் இருக்கிறது. சாக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கெல்லாம் இசைத் தளங்கள் கேட்கிற அளவு 3000-க்கு 3000 பிக்சல். பூஞ்சையின் ஒவ்வோர் இழையும் தெரிய வேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து செய்கிறேன். கேட்கிறவன் பார்ப்பது போனின் ஓரத்தில் நகக்கண் அளவு ஒரு சதுரம். பாட்டு ஓட ஆரம்பித்ததும் போன் பைக்குள் போய்விடுகிறது. பெரியப்பாவின் ரெக்கார்டு அட்டை ஓர் அடிக்குக் கொஞ்சம் அதிகமான சதுரம், தெருவே கூடி நின்று தீர்ப்பு சொன்னது. ஆறரை சென்டிமீட்டர் கேசட்டைத் திருவிழாவில் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்போதெல்லாம் இங்கே அருவத்துக்கு அனுமதி இல்லை. யாரும் பார்க்காத அளவுக்கு அட்டை சுருங்கிய பிறகு என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். ரசனை வளர்ந்துவிட்டது என்று சிலர் கட்டுரை எழுதுகிறார்கள். எனக்கென்னவோ காவல்காரன் தூங்கிவிட்டான் என்றுதான் படுகிறது.

இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டவர் என்று ஒரு தமிழ்ப் பெண்ணைத்தான் சொல்வேன். லண்டனில் பிறந்த ஈழத்து மாயா, மாதங்கி அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. 2005-இல் தகப்பனாரின் இயக்கப் பெயரையே முதல் ஆல்பத்துக்கு வைத்து, தானே வெட்டிய ஸ்டென்சில்களால் அட்டையை நிறைத்தார். 2010-இல் வந்த 'மாயா' அட்டையில் தன் முகத்தை யூடியூப்பின் ஓடுபட்டைகளை அடுக்கி மூடினார். முகம் இருக்கிறது, திரையின் குப்பைக்குப் பின்னால். கூத்து வாத்தியாருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் இரண்டு பேரையும் ஒரே அட்டையில் சமாதானம் செய்துவைத்தது போல எனக்கு அது தெரிகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் பூஞ்சை போடுகிறது. 'பழைய நெகட்டிவ், ஈரம், சிதைவு' என்று எழுதிக் கொடுத்தால் நாலு படம் தள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூஞ்சை படத்தின் நான்கு மூலையிலும் ஒரே அளவில் படர்கிறது. நிஜப் பூஞ்சைக்கு அவ்வளவு நியாய உணர்ச்சி கிடையாது. ஈரம் எங்கேயோ அங்கேதான் மேயும், அழகான இடத்தை வேண்டுமென்றே விட்டுவிடும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இப்போதைக்கு என் சோறு ஓடுகிறது.

போன தை மாதம் ஓர் இளைஞர் வந்தார். அந்தக் கூத்து வாத்தியாரின் பேரன், ஐ.டி. வேலை. தாத்தாவின் படுகளம் கேசட்டை டிஜிட்டலாக்கி எல்லாத் தளங்களிலும் ஏற்றப் போகிறாராம். டேப்பின் இரைச்சலைச் சுத்தம் செய்யலாமே என்றேன். "வாணாம்ணே, அதுதான் ஃபீல்" என்றார். அட்டைக்கு என்ன யோசனை என்று கேட்டேன். தாத்தாவின் முகம் வேண்டவே வேண்டாம், அப்ஸ்ட்ராக்டா ஏதாவது, மண்ணு, நெருப்பு மாதிரி என்றார். நான் ஒன்றும் பேசாமல் டின்னைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் பிளந்த ஏரிமேல் பூஞ்சையும் சேர்ந்து படர்ந்திருந்தது. ஸ்கேன் செய்து, நெருப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துப்போனது, முன்பணமாக வந்ததே தாத்தா மொத்தமாகக் கொடுத்ததைவிடப் பல மடங்கு.

மூன்றாம் நாள் போன் வந்தது. பாட்டை ஏற்றிவிடுகிற கம்பெனி, அட்டையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டதாம். ஆள் யாரும் பார்க்கவில்லை, இயந்திரமே பார்த்துச் சொல்லிவிட்டது. படம் மங்கலாகவும் பழுதாகவும் இருக்கிறது, தெளிவான படத்தை அனுப்பவும் என்று கடிதம். பழைய முதலாளியின் குரலை அச்சில் படித்த மாதிரி இருந்தது.

"என்ன பண்ணலாம்ணே? பேசாம தாத்தா மூஞ்சியவே போட்டுடலாமா?"

"இருப்பா" என்றேன். பூஞ்சையை மட்டும் தனியாகப் பிரித்து ஒவ்வோர் இழையையும் ஷார்ப் செய்தேன், மங்கலை அப்படியே விட்டேன். மறுநாள் அனுமதி வந்துவிட்டது. பாக்கிப் பணம் அடுத்த மாசம் தருகிறேன் என்றார் பேரன். அதில் மட்டும் தாத்தா அப்படியே இருக்கிறார்.